நாலாவது பாக்கெட்

“அஞ்சுதான் இருக்கு! ஆறு பொரிச்சு மூடி வச்சிட்டுப் போனேன். ஒண்ணு சிறகு முளைச்சுப் பறந்துடுச்சா?”

“நான் தொடலம்மா.”

“தொடல. பாக்கல. மோந்துகூடப் பாக்கல. அப்புறம் ஏன்டி அந்தக் கல்யாணச் சட்டை முதுகுல சேர மாட்டேங்குது?”

மூன்றாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடும் வழக்கம் யாருக்கும் கிடையாது. இரும்புக் கிராதி வழியாக ஹாலிஜாவின் குரல் நடைபாதை முழுக்க ஓடியது. துணி காயப்போட வந்தவர்கள் ஒரே துணியை மூன்று முறை உதறினார்கள். அந்த ஆறாவது வாழைப்பழ பஜ்ஜியை இளையவள் நஜிஹா மாடிப்படியில் உட்கார்ந்து ஊதி ஊதித் தின்றதைப் பக்கத்து வீட்டு மஸ்னாவும் பார்த்தாள், எதிர்வீட்டுக்காரியும் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை அன்றே முடிந்துவிடும் அல்லவா?

ஹாலிஜா கெட்டவளில்லை. பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் விடியற்காலையிலிருந்து மதியம் இரண்டு வரை மீ கோரெங் நூடுல்ஸ் கிளறுகிறவள். புருஷன் போனபின் இரண்டு பெண்களையும் அந்தக் கரண்டியாலேயே ஆளாக்கினாள். மூத்தவள் சுரயாவுக்கு இருபத்தொன்பது வயதில்தான் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை ஃபக்ருல் டயர் கடையில் வேலை. குனிந்த தலை நிமிராத பிள்ளை. நிமிர்கிற வேலையெல்லாம் அவன் அம்மா ஜமிலா பார்த்துக்கொள்வாள். நிச்சயத்தன்று மோதிரம் போட வந்த ஜமிலா, போட்ட கையை உடனே விடவில்லை. முழங்கைக்கு மேலே இரண்டு விரலால் கோழி வாங்குகிறவள் மாதிரி அழுத்திப் பார்த்து, “கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இறங்கிடும் இல்ல?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுரயாவும் சிரித்தாள். ஜமிலா வாடகைக் கடையில் பிடித்துவைத்த தந்தநிறச் சரிகைச் சட்டை, சுரயாவின் அளவுக்கு இரண்டு அளவு குறைவு. மாற்றித்தரக் கேட்க ஹாலிஜாவுக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக அவள் வாங்கியது மெலோர் ஸ்லிம் என்ற, கரைத்துக் குடித்தால் உடம்பு இளைக்குமாம் என்கிற பொடி. சும்மா வாங்கவில்லை, படித்துப் பார்த்து வாங்கினாள். மாடியில் பாதிப் பேர் படத்தைப் பார்த்துப் பொருள் வாங்குகிறவர்கள், தான் எழுத்தைப் பார்த்து வாங்குகிறவள் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமுண்டு. முன்பக்கம் ஒரு பச்சை இலை. ஒடிந்துவிடும்போல இடுப்புள்ள ஒரு பெண். ‘சீனி சேர்க்கப்படவில்லை.’ ‘ஓட்ஸின் நன்மை.’ ‘ஒரு வேளை உணவுக்குப் பதில் ஒரு பாக்கெட்.’ அட்டைக்குள்ளே இன்னொரு தாள்: முன்பு, பின்பு என்று பன்னிரண்டு பெண்கள். பின்பு என்ற வரிசையில் எல்லோருக்கும் பல் தெரிந்தது.

காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் எடை பார்த்தபோது ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. பாக்கெட்டில் சீனி இல்லை. பாக்கெட் பொய் சொல்லாது, அச்சடித்திருக்கிறது. அப்படியானால் யார் பொய் சொல்வது? ஹாலிஜா சோற்றை நிறுத்திவிட்டு மதியத்துக்கும் ஒரு பாக்கெட் சேர்த்தாள். சுரயா பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கைகழுவிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்புவாள். அம்மா வரும்வரை இரண்டு மணி நேரம் வீட்டில் தனியாக இருப்பாள். அந்த இரண்டு மணி நேரத்தின் மேல்தான் ஹாலிஜாவுக்குச் சந்தேகம். அலமாரிக்குப் பூட்டு வந்தது. அரிசிமேல் விரலால் கோடு போட்டுவிட்டுப் போனாள். பால் டின்னில் எவ்வளவு இருக்கிறதென்று வெளியே பேனாவால் குறித்தாள். குறி குறியாகவே இருந்தது, மகள் மட்டும் பெருத்தாள்.

இப்போது பஜ்ஜி அகப்பட்டது. ஹாலிஜாவுக்கு ஏறக்குறைய சந்தோஷம்.

“ஒத்துக்கடி. அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். ஒரு வார்த்தை ஒத்துக்க, விட்டுடறேன்.”

சுரயா சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடைபாதையில் துணி உதறும் சத்தமும் நின்றிருந்தது.

“ஆமா,” என்றாள். “நான்தான் தின்னேன்.”

“பஜ்ஜி மட்டுமா?”

“ரொட்டியும்.” கொஞ்சம் யோசித்தாள். “பால் டின்னை அப்படியே வாயில வச்சுக் குடிச்சேன்.”

டின்னில் குறி மாறவில்லை என்பது ஹாலிஜாவுக்குத் தெரியும். ஆனால் ஒப்புக்கொண்டவளிடம் போய்க் கணக்குக் கேட்பார்களா? அவளுக்கு மார்பிலிருந்து ஒரு பாறை இறங்கியது. மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். “அதான் பாத்தேன். இனிமே பசிச்சா என்கிட்ட சொல்லு,” என்று, இரவுக்கும் ஒரு பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நாலாவது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

கல்யாணத்துக்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்து தாள் வாங்கினால்தான் மதகாரியாலயத்தில் தேதி கொடுப்பார்கள். அங்கே ஷரிஃபா என்ற நர்ஸ், சுரயா வந்ததிலிருந்து மூன்று தரம் தண்ணீர் குடித்ததைக் கவனித்து, கேட்காமலே விரலைக் குத்தி இன்னொரு சொட்டு எடுத்தாள்.

“சர்க்கரை பதினொண்ணு இருக்கே. வெறும் வயித்துல ஏழைத் தாண்டக் கூடாது. என்னம்மா சாப்பிடற?”

“ஒண்ணும் சாப்பிடறதில்ல,” என்று ஹாலிஜா முந்திக்கொண்டு கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள், நல்ல மாணவியின் நோட்டைக் காட்டுவதுபோல. “இதான். நாலு வேளையும். சீனியே கிடையாது, பாருங்க.”

நர்ஸ் முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மடிப்புக்குள் எறும்பு சைஸில் இருந்ததைப் படித்தாள்.

“சீனி சேர்க்கல, சரி. குளுக்கோஸ் பொடி சேர்த்திருக்கான். மாவைக் கரைச்சுப் பண்ற இனிப்புப் பொடி சேர்த்திருக்கான். ஓட்ஸ் நூத்துல ரெண்டு. இந்த அளவெல்லாம் ஒரு கரண்டிக்குப் போட்டது அக்கா. ஒரு பாக்கெட்ல அப்படி மூணு கரண்டி இருக்கு. இதைக் குடிக்கறதுக்குப் பதிலா பிள்ளை சோறே தின்னிருக்கலாம்.”

பஸ்ஸில் ஹாலிஜா பாக்கெட்டைத் திருப்பி, அந்த மடிப்பை முதல்முறையாகப் படித்தாள். வீட்டுக்கு வந்து பூட்டைக் கழற்றினாள். சோறு வடித்தாள். நஜிஹா விஷயத்தைக் கேட்டு, அழுகையும் சிரிப்புமாக, “அன்னிக்கு பஜ்ஜி தின்னது நான்தான் அக்கா,” என்றாள்.

“சுரயா,” என்றாள் ஹாலிஜா. “நீ அன்னிக்கு சொன்னது பொய்தானே?”

சுரயா வெகுநேரம் யோசித்தாள். பிடிவாதமில்லை, உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்க்கிறவள் போலிருந்தது முகம்.

“இல்லம்மா. தின்னிருப்பேன்.”

“எப்படி? அலமாரியைத்தான் பூட்டி வச்சிருந்தேனே!”

“தெரியல. எப்பவாவது எடுத்திருப்பேன். இவ என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றா. அந்தத் தாள்ல பன்னெண்டு பேரும் இளைச்சிருக்காங்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகணும்?”

“அந்தத் தாளே பொய்டி!”

“நீதானம்மா படிச்சுப் பாத்து வாங்கின.”

ஹாலிஜா சோற்றுத் தட்டை அவள் முன்னால் நகர்த்தினாள். தட்டில் சோறு ஆறியது. மகள் ஒரு விரலால் அதைத் தொட்டு, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சர்க்கரை வியாதி என்ற சொல் மூன்றாம் மாடியிலிருந்து டயர் கடைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நாள் ஆயிற்று. அதிலும் ஒரு நாள் வெள்ளிக்கிழமை, கடை விடுமுறை. ஜமிலா தேதியைத் தள்ளிவைத்தாள், தள்ளிவைத்தது வரவேயில்லை. பையன் வீட்டார் பின்வாங்கினால் மோதிரம் பெண்ணுக்கே என்பது வழக்கம், அதனால் மோதிரம் தங்கியது. விரல் பருத்துப்போய் அதைச் சவர்க்காரம் போட்டுத்தான் கழற்றினார்கள். ஃபக்ருல் அந்த வருஷமே பாலிங் ஊர்ப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டினான். தந்தநிறச் சட்டை அவளுக்குச் சரியாக இருந்ததாம். சுரயா பாலர் பள்ளியை விட்டு, பினாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். நாலு பெண்களோடு ஒரு அறை. அவள் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை என்று அதில் ஒருத்தி மஸ்னாவின் உறவுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

மறுவருஷம் நஜிஹாவுக்குக் கல்யாணம். அக்காவைத் தாண்டித் தங்கை வாசல்படி கடப்பதற்கு, மாப்பிள்ளை வீட்டார் மூத்தவளுக்கு முறைப்படி ஒரு தட்டில் துணியும் கைக்கடிகாரமும் வைத்தார்கள். சுரயா இரண்டு கையாலும் வாங்கி, சிரித்து, உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பந்தி நடந்துகொண்டிருந்தது. ஆட்டுக் குழம்பு தீர்ந்துவிட்டதென்று சத்தம் வர, ஹாலிஜா இன்னொரு சட்டி எடுக்கப் பின்கட்டுக்கு ஓடினாள். ஐஸ்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, துணித்திரைக்குப் பின்னால், சுரயா நின்றபடி கையில் சோற்றைப் பிடித்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் மெதுவாகத் தட்டிலேயே உதிர்த்தாள், விரலில் ஒட்டியதுவரை.

ஹாலிஜா திரையை இழுத்து மூடினாள். வெளியே குழம்புக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் திரைக்கு முதுகைக் காட்டி, யாரும் அந்தப் பக்கம் வராதபடி குறுக்கே நின்று, உள்ளே மெல்லும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.