பயற்றங்கொடி

பிற்பகல் மூன்று மணிக்குக் கோலப்பனால் வேட்டியை இடுப்பில் இறுக்க முடியவில்லை. காலையில் இறுக்கிக் கட்டிய வேட்டி. வயிறு முரசுத்தோல் போல விறைத்து நின்றது. முற்றத்தில் குத்தவைத்தான், எழுந்தான், தூணைக் கட்டிக்கொண்டு முனகினான்.

"ஏட்டி, சோத்துல என்னத்த வச்சே?"

மனைவி உலகம்மாள் உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை நின்றது.

"வந்த அன்னைக்கே சொன்னேன்லா. பதினோரு மாசம் ஜெயில் கஞ்சி குடிச்ச வயிறு, கொஞ்சங்கொஞ்சமாத் தின்னுங்கன்னு."

சொன்னாள்தான். ஜெயிலில் அவனுக்கு வெள்ளரிசிக் கஞ்சியும் உப்பும். கீரை, பயறு என்று எதையும் கண்ணால் பார்த்ததில்லை. முந்தாநாள் அந்தியில் வீடு வந்தவன் இலை முன்னால் உட்கார்ந்தான். தவிடு போகாத குத்தரிசிச் சோறு, வாழைப்பூத் துவரன், காணப்பயற்றுத் துவையல், பலாக்கொட்டைப் புளிக்கறி. போதும் என்று அவள் அகப்பையை நிறுத்தியபோது, "எனக்க வீட்டுச் சோத்த எனக்கே அளக்கியா?" என்றான். நான்கு தடவை வாங்கித் தின்றான். நேற்று மூன்று வேளையும் அப்படியே.

அவன் அக்காள் தாணம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"கைவிஷம்டே தம்பி. சோத்துல வச்சுக் குடுத்தா வயித்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். பெறவு ஆம்பள அவ சொன்னபடி ஆடுவான். பதினோரு மாசம் வயலு அவ கையில. விட மனசு வருமா?"

கோலப்பன் உலகம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் நெற்றி உரலின் விளிம்பில் மோதியது. குத்திய அரிசியில் ரத்தம் சொட்டியது.

"நான் ஒண்ணும் வைக்கல்ல."

"அப்ப நீ தின்னு. அதே பானையில."

தாணம்மாள் பானையைத் தூக்கி வந்தாள். கோலப்பன் உலகம்மாளின் தாடையை நெரித்துத் திறந்து சோற்றை வாயில் திணித்தான். அவன் மோதிரம் உதட்டைக் கிழித்தது. இருமியபோது பருக்கை மூக்கில் வந்தது. துப்பியதையும் வழித்துத் திணித்தான். பானை தீர்ந்தது.

காத்திருந்தார்கள். தூணின் நிழல் கிணற்றடி வரை நீண்டது. அவன் அவளை மல்லாக்கத் தள்ளி வயிற்றில் குதிகாலை ஊன்றினான். வயிறு மெத்தென்று உள்ளே போனது.

"பாத்தியா," என்றாள் தாணம்மாள். "அவளுக்கு ஒண்ணுமில்ல. உனக்க இலையிலதான் வச்சிருக்கா."

குதிகாலுக்கு அடியில் கிடந்தபடி உலகம்மாளுக்குத் தொழுவம் ஞாபகம் வந்தது. கோடை முழுக்க வைக்கோல் மட்டும் தின்ற காளைக்கு வேலைக்காரன் ஞானையன் ஒரு கட்டுப் பயற்றங்கொடியைப் பச்சையாகப் போட்டான். விடிவதற்குள் காளை வயிறு ஊதிச் சாய்ந்தது. மாட்டு வைத்தியர் விலாவுக்குப் பின்னால் குத்தினார். கெட்டுப்போன கள்ளுப் பானையைத் திறந்தது போல ஒரு வாடை சீறிக்கொண்டு வந்தது. "பழகாத வயிறு. உள்ள போனது புளிச்சுப் பொங்கிட்டு," என்றார் வைத்தியர். காளை பிழைக்கவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த கறவைப் பசு தினமும் பச்சை தின்பது. அதே கொடியைத் தின்றுவிட்டு அசைபோட்டுக்கொண்டு நின்றது. அன்று காளையைக் கொன்றுவிட்டான் என்று நுகத்தடியால் ஞானையனின் வலது கையை ஒடித்ததற்குத்தான் கோலப்பனுக்கு ஜெயில்.

"எந்தக் கையால வெளம்புனே?"

அவனுக்குத் தெரியும். வலது மணிக்கட்டை உரலின் விளிம்பில் வைத்து மிதித்துக்கொண்டு உலக்கையை இறக்கினான். விறகு முறிகிற சத்தம். அவள் கத்தினாள். பிறகு கத்த மூச்சு இல்லை.

"அந்தக் கையையும் வையிட்டீ."

குனிந்து அவளுடைய இடது கையைப் பற்றி இழுத்தான். குனிந்ததில் அவன் வயிறு தொடையில் நெரிந்தது. உள்ளே எதுவோ இளகி உருண்டது. காற்று வெடித்துக்கொண்டு பிரிந்தது. நின்றது, மறுபடியும் பிரிந்தது. முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின.

தாணம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தடுமாறிப் பின்வாங்கினாள். கோலப்பன் அவளைப் பார்க்கவில்லை. தன் வயிற்றைப் பார்த்தான். தோல் தளர்ந்துகொண்டே வந்தது. வேட்டி நழுவியது. ஒரு கையால் பிடித்தான். மறு கையில் உலக்கை அப்படியே இருந்தது.

உலகம்மாளுக்கு அந்த வாடை தெரிந்தது. அன்று தொழுவத்தில் காளையின் வயிற்றிலிருந்து சீறிய வாடை. முறிந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள்.

"அப்ப காளைக்கு யாரு கைவிஷம் வச்சா?"