பத்தொன்பதாம் பாகத்துச் செருமல்

மாலை நான்கு மணிக்கு அந்தப் பழைய துப்பறியும் தொடர் வரிசையில்லாமல் முன்னும் பின்னுமாக மறுபடியும் ஓட ஆரம்பித்ததிலிருந்து கீச்சுவுக்கு வீட்டில் நிம்மதி போய்விட்டது. தொந்தியும் முறுக்கு மீசையுமாக ஒரு துப்பறிவாளர். காணாமல் போன சுவர்க் கடிகாரம், திடீரென்று பேச மறுக்கும் கிளி என்று அற்ப சொற்ப வழக்குகள். ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, பிஸ்கட்டை மென்றபடி, திருடன் யாரென்று சொல்வதற்கு முன் துப்பறிவாளர் ஒருமுறை செருமுவார். அந்தச் செருமலைக் கேட்கத்தான் கீச்சுவின் மனைவி சமையலறைக் குழாயைப் பாதியில் மூடிவிட்டு, ஈரக் கையோடு ஓடி வருவாள்.

வேற்று மொழியில் எடுத்த தொடர் அது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் துப்பறிவாளருக்கு நம் மொழியில் குரல் கொடுத்தவரை டப்பிங் அறையில் எல்லோரும் கம்பீரம் என்றுதான் கூப்பிடுவார்கள். குடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, வாராவாரம் தப்பான ஆளைத் திருடன் என்று காட்டும் உதவியாளருக்குக் குரல் கொடுத்தவர் நம் கீச்சு. அந்தக் கீச்சுக் குரலுக்காக ஒட்டிக்கொண்ட பெயர், தலைமுடி கொட்டிய பிறகும் கொட்டவில்லை.

கல்யாணத்துக்கு முன் முதன்முதலாகச் சந்தித்தபோதே, "அந்தச் செருமல் நீங்களா?" என்றுதான் அவள் கேட்டாள். இல்லை, உதவியாளர் என்று இவர் சொன்னார். அப்போது அவள் முகம் ஒரு சுற்றுச் சிறுத்ததை இவர் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கிற சுபாவமும் இவருக்குக் கிடையாது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தச் செருமலே இவருடையதுதான். பத்தொன்பதாம் பாகம் பதிவான அன்று கம்பீரத்துக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. அன்று மாலைக்குள் பதிவு நாடா தொலைக்காட்சி நிலையத்துக்குப் போயாக வேண்டும். கம்பீரத்தைப் போலவே பேசிக் காட்டுவது இவருக்குக் கைவந்த விளையாட்டு. இரண்டு குரலையும் நீயே பேசிவிடு என்று இயக்குநர் இவரை மைக் முன் தள்ளினார். கடைசிக் காட்சியில் திரையிலிருந்த மீசைக்காரர் வசனத்துக்கு முன்பே வாயைத் திறந்துவிட்டார். எழுதிக் கொடுத்த வசனமோ போதவில்லை. அந்த இடைவெளியை அடைக்க இவர் தொண்டையைச் செருமினார். டப்பிங்கில் அது பிசகு. ஆனால் திரும்பப் பதிய நேரமில்லை. அடுத்த வாரம் நிலையத்துக்கு மூட்டையாகக் கடிதம் வந்தது, எல்லாம் அந்தச் செருமலைப் பற்றி. அதன் பிறகு ஒவ்வொரு பாகத்திலும் கம்பீரம் செருமினார், பேரும் வாங்கினார். வெளியே மூச்சு விட்டால் அடுத்த தொடரில் வேலை இல்லை என்று இயக்குநர் சொன்னதால் கீச்சு வாயைத் தைத்துக்கொண்டார்.

கல்யாணமான முதல் வருடம், பொறுக்கமாட்டாமல் மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பொறாமைக்கும் ஒரு அளவு வேணாங்களா?" என்றாள். அதோடு சரி. ஊரெல்லாம் நம்பாவிட்டால் போகட்டும், இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்பதுதான் முப்பது வருடமாக இவருக்கிருந்த ஒரே ஆசை. பத்தொன்பதாம் பாகம் வந்தால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிடுவார். அதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

இப்போது கம்பீரம் இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார். மருந்துக் கடையில் குரலை வைத்தே அவரை அடையாளம் கண்டுகொண்ட மனைவி, கையோடு டீக்கு அழைத்துவிட்டாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பூப்போட்ட கோப்பைகள் இறங்கின. கீச்சுவின் தங்கைக்குக்கூட இறங்காத கோப்பைகள். வந்தவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, ஒரே ஒருமுறை செருமிக் காட்டச் சொல்லிக் கேட்டாள். அவர் கீச்சுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொண்டை சரியில்லை என்று நழுவினார். பெருமையைப் பார் என்று இவர் உள்ளுக்குள் பொருமினார்.

நான்கு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டால், விதி, பத்தொன்பதாம் பாகம். வீட்டுக்கு வந்தவரை விட்டுவிட்டுப் பால் வாங்கப் போக முடியுமா? கீச்சு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கதவுச் சண்டை உண்டு. யார் முதலில் உள்ளே நுழைவது என்று துப்பறிவாளரும் உதவியாளரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக் கத்துவார்கள். கம்பீரமும் கீச்சுவும் ஒரே மைக்கின் முன் நின்று நிஜமாகவே கத்திய சண்டைகள் அவை. இன்றும் கதவு வந்தது, சண்டை வந்தது. மனைவி திடீரென்று டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்காளு வாய் அசையுது, சத்தத்தைக் காணோமே. ஏங்க பேசாம விட்டீங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

ஒரு வாயால் இரண்டு பேராகக் கத்த முடியாமல் அன்று உதவியாளரை ஊமையாக்கியது, கீச்சுவுக்கே மறந்துபோயிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், விருந்தாளியைப் பார்த்தாள். எந்தப் பாகத்திலும் பாதிக்குள் திருடனைப் பிடித்துவிடுகிறவள் அவள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசவே இல்ல. அப்ப இதுல ஒருத்தர்தான் பேசியிருக்கணும்," என்றாள்.

கம்பீரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு அன்னிக்குத் தொண்டை கட்டிப்போச்சும்மா. செருமினது இவன்தான்," என்றார். பிறகு மனம் விட்டே சொன்னார். யார் செருமச் சொல்லிக் கேட்டாலும் அடுத்தவன் தட்டில் கைவைத்துச் சாப்பிடுவதுபோலத்தான் இருக்குமாம். மற்றதெல்லாம் மறந்து அந்த ஒன்றையே எல்லோரும் கேட்கும்போது கீச்சுவின் மேல் பற்றிக்கொண்டு வருமாம். தன்மேலும் ஒருவன் பொறாமைப்பட்டிருக்கிறான் என்று கேட்டதும் கீச்சுவுக்கு உச்சி குளிர்ந்தது. அதை மறைத்து என்ன பயன்.

விருந்தாளி போன பிறகு அவள் பூப்போட்ட கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். "இத்தனை வருஷமா மீசையவே பாத்துட்டு இருந்துட்டேன். உங்க பக்கம் திரும்பவே இல்ல," என்றாள். கண் கலங்கியிருந்தது.

முப்பது வருடமாகக் காத்திருந்தது கிடைத்துவிட்டது. கீச்சு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆதியோடந்தமாக ஆரம்பித்தார். நாடா, இயக்குநர், போதாத வசனம், ஒன்றையும் விடவில்லை. அவள் தலையாட்டிக்கொண்டே கைபேசியில் அந்தப் பாகத்தைத் தேடி எடுத்து, கடைசிக் காட்சிக்கு ஓட்டி, காதருகே வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள். "அவர் செருமப் போறாரு."

கீச்சு வாயை மூடிக்கொண்டார். செருமல் வந்தது. அவள் கண்ணை மூடி, அதே பழைய சிரிப்பைச் சிரித்தாள். கீச்சுவுக்கு வயிறு பற்றி எரிந்தது. செருமியது தானே ஆனதால், யார்மேல் என்று இந்த முறை வெளியே சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.