நிற்காமல் வந்த வண்டி

முதல் குடத்தைச் சவுரிராயன் தூக்கியதுமே செண்பகம் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊத்தாதீங்க மாமா. இன்னும் சூடு ஆறல.”

வேப்பமரத்தடியில் பலகைமேல் அவள் புருஷன் இருதயராஜ் கிடந்தான். செத்து மூன்று மணி நேரமாகியிருந்தது. சித்திரை மாதம்; பொழுது சாய்வதற்குள் கல்லறைக்குக் கொண்டுபோயாக வேண்டும். தம்பியைக் குளிப்பாட்ட வந்த அண்ணன் குடத்தோடு நின்றார்.

“வெயிலும்மா. கல்லுகூடத்தான் சுடுது.”

“நெஞ்சத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். “கம்பவுண்டர் ரெண்டு தடவ பாத்துட்டாரு. மூச்சும் இல்ல, நாடியும் இல்ல” என்றார்.

மாதா கோயில் சாமியாருக்குக் கண் மங்கிய பிறகு, அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் இருதயராஜின் கைக்கு வந்தது. பக்கத்தில் பெட்டி வைத்த வண்டி. யுத்தக் காலத்தில் பங்கீட்டுச் சீட்டுக்குக் கிடைத்த பெட்ரோலை வைத்துக்கொண்டு, திண்டிவனத்திலிருந்து இங்கே விழுப்புரத்துக்கு இருபத்தைந்து மைல் மருந்து கொண்டுவருவான். பத்து மைல் ஓடினால் போதும், அந்தக் கிழட்டு எஞ்சினுக்குக் காய்ச்சல் வந்துவிடும். கூட்டேரிப்பட்டில் ஒரு தடவை, விக்கிரவாண்டியில் ஒரு தடவை நிறுத்துவான். காற்று வரும் பக்கம் வண்டியைத் திருப்பிவைத்து, எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளின் இடுக்கில் அப்பிய மண்ணைத் துடைப்பக் குச்சியால் நோண்டி எடுத்து, கைப்பம்பால் கொஞ்சம் எண்ணெய் கூடுதலாக அடித்துவிட்டுக் காத்திருப்பான். தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, மாதாவை வேண்டும் மங்கள வார்த்தை ஜெபத்தை முழுசாகச் சொல்ல முடிந்தால்தான் மறுபடி உதைப்பான். அதுவரை கலெக்டரே வந்து நின்றாலும் எழுந்திருக்க மாட்டான். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் என்ன என்று யாராவது கேட்டால் மட்டும் மூக்குமேல் கோபம் வரும்.

“காஞ்ச இரும்புல தண்ணி பட்டா வெடிச்சிப்பூடும். அதுவா ஆறணும்.”

பெண்டாட்டிக்கு அடுத்தபடி அதற்குத்தான் இத்தனை பணிவிடை என்று ஊர் கேலி செய்யும். பெண்டாட்டிதான் அடுத்தபடி என்பது செண்பகத்துக்குத் தெரியும்.

இன்று விடியலில் அவன் கிளம்பும்போது அவள்தான் சொன்னாள். “அம்மணியப் பொண்ணு பாக்க வர்றாங்க. இன்னிக்கு ஒரு நாளு எங்கியும் நிக்காம வந்துடுங்க. நீங்க அங்க சூடு ஆத்திக்கினு குந்தியிருந்தா, இங்க நா யாருக்குப் பதில் சொல்றது?” பெண்ணைப் பெற்றவளின் அவசரம். அவன் வண்டியை உதைத்தான்.

பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். வண்டியை முற்றத்தில் நிறுத்தி, “எங்கியுமே நிக்கல செண்பகம்” என்றான். உட்கார்ந்தான். சாய்ந்தான். அவ்வளவுதான்.

தானே கொன்றுவிட்டதாகத்தான் அவளுக்குப் பட்டது. அந்த உடம்பில் சூடு இருக்கிறவரை அவன் சாகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் விழுந்துவிட்டால் அதற்கும் வழியில்லை.

“எம்மா, இங்க வாயேன்.” அம்மணி மோட்டார் சைக்கிளின் அருகே நின்று கூப்பிட்டாள்.

கொளுத்துகிற வெயிலில் நின்ற வண்டியின் அடியில், நாய் எஞ்சினோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. கோடையில் தண்ணீர்ப் பானையடியில் அது அப்படித்தான் படுக்கும். செண்பகம் குனிந்து தகட்டின்மேல் கை வைத்தாள். கிணற்றுக்குள் இருக்கும் கல்லைப்போல் சில்லென்றிருந்தது. கைப்பிடியைத் தொட்டாள், சுட்டது. இருக்கையும் சுட்டது. மறுபடி எஞ்சினில் கை வைத்து ஜெபத்தைச் சொன்னாள். முடிந்ததும் இன்னொரு தடவை சொன்னாள். விரல்கள் மரத்துப்போயின.

“வந்தப்பவே இப்பிடித்தாம்மா இருந்துச்சு” என்றாள் அம்மணி. “நாயி அப்பவே வந்து படுத்துக்கிச்சு. அப்பா எறங்குனப்ப அவரு கைதான் எம்மேல பட்டுச் சுட்டுது.”

இருபத்தைந்து மைல் சூடும் எங்கே போயிற்று என்று செண்பகத்துக்கு விளங்கிவிட்டது. யாரிடம் போய் அதைச் சொல்வது?

பூவும் பழமுமாக வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார், போவதா இருப்பதா என்று தெரியாமல் பலகையருகே தட்டோடு நின்றிருந்தார்கள். கோயிலில் துக்க மணி தொடங்கிவிட்டது.

“நேரமாவுதும்மா” என்றார் சவுரிராயன். “நீ சொல்லு. என்னா பண்ணட்டும்?”

அவள் பலகையருகே வந்து, புருஷனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். ஜெபம் பாதியைத் தாண்டவில்லை, கையை எடுக்க வேண்டியதாயிற்று. மறுபடி வைத்தாள். இந்தத் தடவை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமென் சேசு வரைக்கும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். பிறகு கையை முந்தானைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டாள்.

“ஆறிடுச்சு மாமா” என்றாள். “ஊத்துங்க.”

சவுரிராயன் அவள் முகத்தையே பார்த்தார். குடத்தைச் சாய்த்தார். ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம். தண்ணீர் பலகையிலிருந்து வழிந்து முற்றத்துச் சரிவில் இறங்கியது. மாப்பிள்ளையின் அம்மா “ஸ்ஸ், சுடுது” என்று காலைத் தூக்கிக்கொண்டு விலகினாள். சவுரிராயனும் குடத்தோடு பின்வாங்கினார். தண்ணீர் செண்பகத்தின் வெறுங்கால்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அவள் நகரவில்லை.