ஆகிலா அசைய மறுக்கிறாள்

ஸப்ரியின் போன் மேசையில் துள்ளித் துள்ளி அலறியது. அவன் பதறியதில் பிளேன்டீ முழுவதும் தாளில் கொட்டுண்டது. நட்டமில்லை, தாளில் ஓர் எழுத்தும் இருக்கவில்லை.

வாரப் பத்திரிகை ஆசிரியர் மக்கீன்தான்.

"அசர் தொழுகைக்குள்ள அத்தியாயம் வரல்லண்டா தொடர நிப்பாட்டிப் போடுவன், தம்பி. அந்த இடத்துல வட்டிலப்பம் அவிக்கிற முறை போடுறன். சனம் அதையாவது கடைசி வரைக்கும் வாசிக்கும்."

கல்முனையில் ஸப்ரிக்கு இருந்த ஒரே மரியாதை அவன் எழுதிவந்த அந்தத் தொடர்தான். அதனால்தான் சலூனில்கூட அவனுக்கு முதல் கதிரை கிடைத்துக்கொண்டிருந்தது.

போன வாரம் கதாநாயகன் சியாம், மனைவி ஆகிலாவைப் பார்த்து, "என் வீட்டை விட்டு வெளியே போ!" என்று கர்ஜித்திருந்தான். அருமையான இடம். ஆனால் ஆகிலா அசைய மறுத்தாள். ஸப்ரி மழை பெய்ய வைத்துப் பார்த்தான். இடி இடிக்க வைத்துப் பார்த்தான். வாசற்படியைப் பிடித்தபடி நின்றாள்.

மீன் வெட்டிய கத்தியோடு குசினியிலிருந்து அவன் மனைவி றிஸ்லா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தப் புள்ள இன்னமும் வாசல்லயா நிக்கா?"

"போறாள் இல்ல புள்ள. எங்க அனுப்புற எண்டு விளங்குதில்ல."

"அவ ஏன் போகணும்? சியாம் எந்த ஊரு?"

"நம்மட ஊருதான்."

"அப்ப அது ஆர்ட வீடு? வாசிச்ச பொம்புளயள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்காளுகள்."

அப்போதுதான் ஸப்ரிக்கு உறைத்தது. இந்தக் கரையில் எந்த மாப்பிள்ளை தன் வீட்டில் இருக்கிறான்? பெண்ணுக்கென்று அவள் வாப்பா கட்டிய வீட்டுக்குக் குடிவருகிறவன்தானே! அவன் சாய்ந்திருந்த கதிரைகூட றிஸ்லாவின் வாப்பா வாங்கிப் போட்டதுதான். இந்தியத் தொலைக்காட்சி நாடகங்களைப் பார்த்துப் பார்த்து, வந்த மருமகனை வீட்டுக்காரனாக்கிவிட்டிருக்கிறான்.

புதுத் தாள் எடுத்தான். "ஆர்ட வீட்டுல நிண்டு ஆரப் போகச் சொல்றீங்க?" என்றாள் ஆகிலா. அவ்வளவுதான், பேனா ஓடத் தொடங்கியது. சியாம் கெஞ்சினான், தும்மினான், செருப்பைத் தேடினான். அசருக்குப் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரமே இருந்தது. கடைசிப் பந்தியில் பேனா மறுபடியும் நின்றது.

"இஞ்ச புள்ள, புருஷன வெளிய அனுப்பக்குள்ள ஒரு பொம்புள என்னத்தக் கட்டிக் குடுப்பா?"

றிஸ்லா கத்தியைக் கழுவியபடியே சொன்னாள்:

"ரெண்டு சாறன், ஒரு சேட்டு, பிறசர் குளிசை... போன பெருநாளையில இருந்து அலுமாரிக்கு மேல கட்டித்தான் வெச்சிரிக்கன், இறக்கிப் பாத்து எழுதுங்க."