வீடு திரும்பும் தக்காளிக் கன்றுகள்

ஹரோவில் சிவனேஸ்வரி வளர்த்த தக்காளிக் கன்றுகள் மாலையானதும் தாமாகவே வீட்டுக்குள் வந்துவிடும். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை, பழக்கம்தான் காரணம். மார்ச்சில் ஹீட்டருக்குப் பக்கத்து ஜன்னலில், ஒரே தட்டில் நெருக்கியடித்து முளைத்த நாற்றுகளை இலையில் பிடித்து மெல்லப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தயிர் டப்பாவில் வைப்பாள். மே பிறந்ததும், குளிருக்குப் பழகட்டும் என்று பகலில் தோட்டத்தில் வைத்து, வெயில் சாய உள்ளே எடுப்பாள். ஒரு வருடம் முதுகு பிடித்துக்கொண்டதால் எடுக்கப் போகவில்லை. டப்பாவின் அடி ஓட்டைகளால் வேரை நீட்டி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து, கன்றுகள் சமையலறைக்குள் வந்து வரிசையாக நின்றன. கணவர் அம்பலவாணன் பின்கதவைச் சாத்தினார். அன்று முதல் மாலையில் கதவைத் திறந்து வைப்பது அவர் வேலையாயிற்று.

கன்றுகளை மற்றவர்களுக்குக் கொடுக்கப்போனபோதுதான் சிக்கல் வந்தது. வெம்பிளியில் இருக்கும் நண்பர் சண்முகராசாவின் வீட்டுக்கு அம்பலவாணன் கொண்டுபோய்க் கொடுத்த கன்று, அன்று மாலையே மெட்ரோபொலிற்றன் ரயிலில் திரும்பி வந்தது. குழந்தை வண்டிகளுக்கான அகலக் கதவை நிலையத்தில் யாரோ திறந்துவிட்டார்களாம், நல்ல மனிதர்கள். மறுநாள் சிவனேஸ்வரியே போய்க் குழி தோண்டி, பாதித் தண்டு வரை மண் அணைத்து, "இனி இதுதான் உன்ர இடம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அது நின்றது, கோடை முழுக்கக் காய்த்தது. வளர்த்தவள் நேரில் வந்து நட்டால்தான் நிற்கும் என்பது தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் நேரில் போகாத வீடு ஒன்றே ஒன்று இருந்தது. கோலியர்ஸ் வுட்டில், அவளுடைய சொந்த அக்கா அருள்மலரின் வீடு. மகள் மேனுஷா பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியவீட்டுக்கு ஊரெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்ன சிவனேஸ்வரி, அக்காதானே என்று அருள்மலருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் கார்டை அனுப்பிவிட்டாள். கூடப் பிறந்தவளுக்கு நேரில் சொல்லாததும் ஒரு அழைப்பா? அருள்மலர் வரவில்லை. மேனுஷா இப்போது பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டாள். சகோதரிகள் இன்னும் பேசவில்லை. அக்காவின் குரல் கேட்காமல் சிவனேஸ்வரிக்குச் சோறு இறங்காத நாட்கள் உண்டு. ஆனால் அந்தப் படியேற ரோசம் விடவில்லை. அதனால் வருடாவருடம் இருப்பதிலேயே திடமான கன்றைக் கணவர் கையில் கொடுத்தனுப்புவாள். வருடாவருடம் அதுவும் நோர்தேர்ண் லைன் ரயிலில் ஏறி, கிங்ஸ் குரொஸ்ஸில் மாறித் திரும்பி வந்து, டப்பாவிலேயே வெளிறிப் பூக்காமல் போகும்.

இந்த வருடம் திரும்பி வந்த கன்றோடு ஒரு குச்சியும் வந்தது. பழைய சேலைக் கரையைக் கிழித்து, தண்டு நோகாமல், இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தது. அது அக்காவின் முடிச்சு.

"பிடிச்சு வைக்கப் பாத்திருக்கிறா," என்றாள் சிவனேஸ்வரி. அழுகை வந்தது, அழுதாள். மறுநாள் காலை காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கன்றை மடியில் வைத்தபடி ரயிலேறினாள்.

கதவைத் திறந்த அருள்மலர் கன்றைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள். "ஏன், இதையும் வாட்ஸ்அப்பில அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பினா நிக்காது, அக்கா. பிழை என்ரதான். நான் நேரில வந்து சொல்லியிருக்கவேணும்."

"இதைச் சொல்ல இவ்வளவு காலமோ? உள்ளுக்கு வா. முதல் தேத்தண்ணி, பிறகு நடுவம்."

இரண்டு பேருமாக வேலியோரம் குழி தோண்டினார்கள். எவ்வளவு ஆழம் என்பதில் சண்டையும் பிடித்தார்கள்.

மாலையில் அம்பலவாணன் வழக்கம்போல் பின்கதவைத் திறந்து வைத்தார். மிச்சக் கன்றுகள் வரிசையாக உள்ளே வந்தன. கோலியர்ஸ் வுட் கன்று வரவில்லை. கடைசி வெளிச்சம் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார், சிவனேஸ்வரியையும் காணவில்லை. அந்த நேரம் போனில் அழைத்த மேனுஷா அம்மா எங்கே என்று கேட்டாள்.

"தக்காளிக் கண்டும் கொம்மாவும் அங்கையே நிண்டிட்டினம்," என்று சொல்லிவிட்டு, குளிர் வராமல் கதவைச் சாத்தி, ஒரு ஆளுக்கு மட்டும் புட்டு அவிக்கப் போனார்.