ஆற்றங்கரையில் உறைமழை

காலையிலிருந்தே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கை குரோவுக்குக் கல்யாணம். கோடையில் ஒருமுறை நாள் குறித்தபோது, பயந்துபோய் இவளேதான் நிறுத்தினாள். இன்று ஒரு மணிக்குத் தேவாலய மணி அடிக்கும்போது அங்கே நிற்காவிட்டால், மறுபடி ஓடிவிட்டாள் என்று நார்வே முழுக்கச் சிரிக்கும். மாப்பிள்ளை ஹல்வருக்கும் மனசு விட்டுப்போகும்.

எங்கள் வீடு மலைச்சரிவில். விடிந்தபோது பூப்பூவாய் வெண்பனி. கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் சடசடவென்று ஐஸ் மணிகள் தெறித்தன. எனக்குப் புரிந்துவிட்டது. உயரத்தில் வெப்பக்காற்று நுழைந்துவிட்டது. அங்கே உருகும் பனி, வருகிற வழியில் திரும்ப உறைகிறது. பிறகு அந்தச் சத்தமும் அடங்கி வெறும் மழை.

அப்பா வாசல் வெப்பமானியைப் பார்த்துக் குதித்தார். "ப்ளஸ் ஒண்ணு! மழைதான்டி, ரோடு சுத்தமாயிடும்!"

"இங்கதான்ப்பா ப்ளஸ். ஆத்தங்கரைப் பள்ளத்துல குளிர் அப்படியே தேங்கிக் கிடக்கு. அங்க மழை தொட்ட இடமெல்லாம் கண்ணாடி ஆயிடும்."

"ஆரம்பிச்சுட்டா! உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

நான் வழுக்காமலிருக்கக் காலணியில் இரும்புமுள் பட்டையை மாட்டினேன்.

"கல்யாணத்துக்கு முள்ளு மாட்டிட்டு வர்ற ஒரே அக்கா நீதான்," என்று குரோ சிரித்தாள்.

மூவரும் கிளம்பினோம். ஆற்றங்கரைத் திருப்பத்தில், அப்பா ஓட்டிய கார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆடி அசைந்து ஒரு சுற்று சுற்றி, பனிக்குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. அப்பா இறங்கக் காலை வைத்தார். அடுத்த நொடி மல்லாந்து கிடந்தார்.

"ப்ளஸ் ஒண்ணாப்பா?" என்றேன். கேட்காமல் இருக்க நான் என்ன புத்தரா?

குரோ அழத் தொடங்கினாள். "நான் ஓடிட்டேன்னு நெனச்சுப்பான்க்கா."

சாலையோரத்து வீட்டுச் சுவரில் ஓர் உதைசறுக்கு சாய்ந்திருந்தது. நீளமான இரண்டு இரும்புத் தண்டின் மேல் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். பின்னால் நிற்பவர் தரையை உதைத்தால் பனிமேல் வழுக்கி ஓடும்.

"ஏறி உட்காருடி!"

உதைத்தேன். அம்மாடி, என்ன வேகம்! அவள் மார்பில் வெள்ளிப் பதக்கங்கள் கலகலத்தன, தலையில் மணக்கிரீடம் ஆடியது. அழுதுகொண்டிருந்தவள் "வேகமா, வேகமா!" என்று கத்தினாள்.

தேவாலயத்துக்கு முன்னாலிருந்த பாலத்தில் யாரோ நாலு காலில் தவழ்ந்து வந்தான். கறுப்புக் கோட்டு, கிழிந்த முழங்கால். ஹல்வர்!

"எங்கடா கெளம்பிட்ட?" என்றாள் குரோ.

"உன்னைக் கூட்டிட்டு வரத்தான். எந்தக் காரும் நகரல."

"நான் ஓடிட்டேன்னு நெனைக்கலையா?"

"இந்த ரோட்டுல யாரால ஓட முடியும்?"

அவள் சிரித்தாள், அழுதாள், பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, முள்ளைக் கழட்டு." மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, பாவாடையைத் தூக்கிச் செருகினாள். மணி அடிக்க ஆரம்பித்தது. உதைத்தாள் பாருங்கள்!

முள் இல்லாமல் எனக்கு நிற்கக்கூட வழியில்லை. பாலத்துக் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி, தேவாலய வாசலில் நின்ற ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்தினேன்: "பாருங்கடா, என் தங்கச்சி ஓடுறா!"