தோராவின் ஜன்னல் நாய்கள்

வண்டியில் அன்று ஆறு பேர். முன்பலகையில் குதிரைக்காரன் மாஸ், அவனுக்கு இடப்பக்கம் நான். நடுப்பலகையில் ஓடன்ஸ ஊர் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். பின்பலகையில் ஆர்ஹூஸிலிருந்து வந்த ஆசிரியைகள் இருவர். கோடையில் எங்கள் தீவு ஊரான ஏரோஸ்கோபிங்கில் படகில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. மற்ற நாட்களில் தெருக்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன்.

அன்று என் மனம் ஊர் காட்டுவதில் இல்லை. எங்கள் ஊர் மாலுமி எஸ்பென் ஐஸ்லாந்துக்குப் போன மரக்கப்பலைப் பற்றி ஒன்பது வாரமாகத் தகவலே இல்லை. முந்தின நாள் கப்பல் முதலாளியிடமிருந்து அவன் மனைவி தோராவுக்கு ஒரு தாள் வந்திருந்தது. கணவன் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டு அவள் கையெழுத்திட்டால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். ஞாயிறன்று தேவாலயத்தில் பெயரை வாசிப்பார்கள். பதில் இன்று நான்கு மணிப் படகில் போயாக வேண்டும். கையெழுத்துப் போடுவாளா மாட்டாளா, எனக்குத் தெரியாது.

வண்டி அவள் தெருவில் திரும்பியது.

"ஜன்னல்ல பீங்கான் நாய் வைப்பாங்களாமே, எங்கே?" என்றார் ஓர் ஆசிரியை.

"இந்த வீடுதாங்க. ஆம்பளை கடல்ல இருந்தா நாய் வெளியே பார்க்கும். வந்துட்டா உள்ளே பார்க்கும்." நூறு தடவை சொன்னது. ஜன்னலைப் பார்க்காமலே சொன்னேன்.

"அப்ப வந்துட்டாரா?"

திரும்பினேன். இரண்டு நாய்களும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

"மாஸ், நிறுத்துடா!" எதிர்வீட்டு ஹோல்கர் கதவுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். "ஹோல்கர்! நாய் திரும்பிடுச்சு!"

"என்னய்யா உளர்றே, பகல்லயே ஊத்திக்கிட்டியா?" என்றவர் ஜன்னலைப் பார்த்தார். தூரிகையைப் போட்டுவிட்டுக் கொடிக்கம்பத்துக்கு ஓடினார். கடலுக்குப் போனவர் திரும்பினால் எங்கள் தெருவில் கொடி ஏற்றுவோம். கொடி உச்சிக்கு ஏறியது. பக்கத்து வீட்டிலும் ஏறியது. மருந்துக்கடைக்காரர் கைதட்டினார்.

தோரா வெறுங்காலோடு ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு. எங்களைப் பார்க்கவில்லை, தெரு துறைமுகத்தில் போய் முடியும் பக்கத்தையே பார்த்தாள்.

"எங்கே? எங்கே அவன்?"



"நாய் உள்ளே பார்க்குதேன்னு..." என்றேன்.

"நான்தான் திருப்பி வச்சேன். இனிமே யாருக்காகக் காத்திருக்கிறதுன்னு. கையெழுத்தும் போட்டாச்சு."

ஹோல்கர் கயிற்றை இறக்க ஆரம்பித்தார். கொடி பாதிக்கு வந்ததும் அவர் கை அப்படியே நின்றது. பாதிக் கம்பத்தில் கொடி நின்றால் எங்கள் ஊரில் அது சாவு. கயிறு கம்பத்தில் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. தோரா கொடியையே பார்த்தாள்.

"ஹோல்கர், அங்கேயே நிறுத்தினே, செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன். முழுசா இறக்கு. அவன் வர்றன்னிக்கு ஏத்திக்கலாம்."

"கையெழுத்து போட்டுட்டேன்னியே..."

"கொடி ஏறுறதைப் பார்த்ததும் செருப்புகூட மாட்டாம ஓடி வந்தேனே! செத்துட்டான்னு நம்பினவளா இப்படி ஓடி வருவா?"

அவள் வீட்டுக்குள் நடந்தாள்; நான் வண்டியிலிருந்து இறங்கிப் பின்னால் போனேன். அடுப்படி மேசையில் கிடந்த, கையெழுத்திட்ட தாளை எடுத்து அவள் அடுப்புக்குள் திணித்தாள்.

"எழுது, வில்லாட்ஸ். மழுப்பாம எழுது."

மேலே தேதி, கீழே முகவரி, நடுவில் மூன்று வரி. என் கணவர் இறந்ததாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. தேடுவதை நிறுத்தக் கூடாது. ஐஸ்லாந்துத் துறைமுகங்களில் மறுபடியும் விசாரியுங்கள்.

கையெழுத்திட்டாள். உறையில் மாவுக்கறை பட்டது. துடைக்க வேண்டாம் என்றாள். நான் அரக்கை உருக்குவதற்குள் நாய்களை ஒவ்வொன்றாகக் கடல் பக்கம் திருப்பி வைத்தாள்.

படகின் முதல் ஊதல் கேட்டது. உறையோடு வெளியே ஓடினேன். நான் முழுதாக ஏறுமுன்பே மாஸ் குதிரையைத் தட்டிவிட்டான். பின்பலகை ஆசிரியை என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். துறைமுகத்தில் குதித்து இறங்கினேன். தபால்பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவனிடம், "ஒண்ணு இருக்கு, ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தினேன். முடிச்சை அவிழ்த்துக் கடிதத்தை உள்ளே போட்டுக்கொண்டான்.